கைப்பிரதியும் காவியமும்: தமிழில் அச்சேறிய நற்செய்தியின் வாசகர் யார்?

தமிழில் அச்சான கிறித்தவ நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகின்றனர். இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதலில் அச்சேறியது தமிழே என்ற பெருமை ஒன்று. மிஷனரிமார் தமிழ் உரைநடைக்கும் அகராதிக்கும் செய்த தொண்டு மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆனால் அந்நூல்களை எழுதியவர்களின் நோக்கம் இவ்விரண்டும் அல்ல. தாம் நம்பிய ஒன்றை, அதை அறியாதவரிடமும் புதிதாக ஏற்றவரிடமும் கொண்டு சேர்ப்பதே அவர்கள் நோக்கம். ஒரு நூலை அதன் நோக்கத்தை வைத்து மதிப்பிடுவதே திறனாய்வின் முதற்கடமை. ஆகவே இக்கட்டுரை ஒரே வினாவை முன்வைக்கிறது. நற்செய்தியைச் சொல்ல வந்த தமிழ் அச்சு நூல்கள் யாரைத் தம் வாசகராகக் கருதின? அவரை எவ்வாறு நடத்தின?

கடற்கரையின் முதல் வாசகர்

1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ‘கார்த்தில்யா’ என்ற சிறு செபநூல் அச்சானது. அதில் இருப்பது தமிழ், எழுத்து ரோமன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவரால் அதைப் படிக்க இயலாது. போர்த்துக்கீசிய எழுத்தறிந்த குருவோ உபதேசியோ அதைப் பார்த்து உரக்கச் சொல்ல, மக்கள் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்நூலின் வாசகர் போதிப்பவரே. தமிழர் அதில் கேட்பவர் மட்டுமே.

24 ஆண்டுகள் கழித்து, 1578இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. பதினாறு பக்கங்கள் கொண்ட நூல். அதை ஆக்கியவர் புன்னைக்காயலில் வாழ்ந்து பணிசெய்த அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் இந்த அச்சுப்பணிக்குப் பொருளுதவி செய்தனர். இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி. தமிழின் முதல் அச்சு நூல் அயலார் கொண்டுவந்து கையில் திணித்த இலவசப் பொருள் அன்று. அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் பணமும் அதில் சேர்ந்திருக்கிறது.

பரதவர்கள் 1530களிலேயே திருமுழுக்குப் பெற்றுவிட்டவர்கள். எனவே இந்நூல் புதிதாக எவரையும் மதம் மாற்ற எழுதப்படவில்லை. ஏற்கெனவே நம்பியவர்களுக்கு, நாள்தோறும் சொல்ல வேண்டிய செபங்களைத் தந்தது. 1579இல் கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் கோட்பாட்டை விளக்கியது. 1586இல் வந்த ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்க்கையைக் கதையாகச் சொன்னது. இவற்றின் நடை பேச்சை ஒட்டியது. போர்த்துக்கீசியச் சொற்கள் விரவியது. புலவர் நோக்கில் பார்த்தால் குறையுள்ள நடைதான். ஆனால் யாருக்காக எழுதுகிறோம் என்பதில் அண்டிரிக் அடிகளாருக்குக் குழப்பம் இல்லை. கடற்கரையில் வாழும் குறிப்பிட்ட ஒரு மக்கள் அவர் கண்முன் இருந்தனர். பின்னால் வந்த பல நூல்களுக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

தரங்கம்பாடி: அச்சேறியதும் ஏறாததும்

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க், தமிழ் கற்ற விதம் பலரும் அறிந்தது. பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி 1708இல் குறிப்பேடு ஒன்றை எழுதினார். ‘கொன்றைவேந்தன்’, ‘உலகநீதி’, ‘நீதிவெண்பா’ ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழரை நன்னெறி அறியாதவர் என்று ஐரோப்பியர் எண்ணுவது தவறு என்பதை உணர்ந்தவர் அவர்.

1713இல் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியவையாக இருந்ததால் தாள் அதிகம் செலவானது; சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. புதிய ஏற்பாடு 1714 முதல் 1715 வரையில் அச்சாகி முடிந்தது. இவ்வளவும் சாதனைகள்.

ஆனால் அந்த அச்சகத்தின் தொடக்கக்கால வெளியீடுகளுள் ஒன்று, 1713இல் வந்த ‘அக்கியானம்’ என்ற சிறுநூல். பிறர் சமயத்தை அஞ்ஞானம் என்று காட்டி, அதிலிருந்து விலக வழி சொல்லும் நூல் அது. தலைப்பே வாசகருக்கு ஒரு பெயர் சூட்டிவிடுகிறது. படிக்கத் தொடங்கும் முன்பே அவர் அஞ்ஞானி. கோயிலும் சுவடியும் தத்துவ மரபும் உள்ள ஒரு சமூகத்தில் இப்படி அழைக்கப்பட்டவர் என்ன மனநிலையில் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்?

இதே ஆண்டில் சீகன்பால்க் இன்னொரு நூலையும் எழுதி முடித்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் மரபையும் வழிபாட்டையும் தமிழ் நூல்களைக் கொண்டே விரிவாக விளக்கும் ஜெர்மன் நூல் அது. ஹாலேயில் அது அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சானது. அதாவது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையெழுத்தில் கிடந்தது.

இவற்றோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பாலும் அவருடைய உடன்பணியாளர் கிரண்ட்லரும் தமிழரிடம் சமயம், வழக்கம், கிறித்தவம் பற்றிய கருத்துகளைக் கேட்டுக் கடிதங்கள் பெற்றனர். அத்தகைய 99 கடிதங்கள் 1714, 1717 ஆகிய ஆண்டுகளில் ஹாலேயில் ஜெர்மன் மொழியில் வெளியாயின. கிறித்தவம் குறித்துத் தமிழர் தாமே பேசிய அரிய தொகுப்பு அது. அக்கடிதங்கள் தமிழில் அச்சாகவில்லை.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கசப்பான உண்மை புலப்படும். தமிழரைப் புரிந்துகொள்ள எழுதிய நூல் அச்சேறவில்லை. தமிழர் சொன்ன பதில் ஜெர்மானியருக்காக அச்சானது. தமிழருக்காகத் தமிழில் அச்சானது கண்டனம். சீகன்பாலின் உள்ளத்தில் நடந்த உரையாடல் அவருடைய அச்சகத்தை எட்டவில்லை என்பதே இதன் பொருள். இதற்கு அவர் ஒருவரைக் குறைசொல்வது நியாயமாகாது. பணமும் எழுத்தும் ஐரோப்பாவிலிருந்து வந்த காலத்தில், எது அச்சாக வேண்டும் என்பதை வாசகர் தீர்மானிக்கவில்லை. அனுப்பியவர்களின் எதிர்பார்ப்பே தீர்மானித்தது.

ஓலையில் நின்ற காவியம்

அதே நூற்றாண்டில் வீரமாமுனிவர் ‘தேம்பாவணி’யை எழுதினார். 1726இல் நிறைவுற்ற அக்காவியம் 3615 பாடல்களைக் கொண்டது. 1851-53 ஆண்டுகளில்தான் அது புதுச்சேரியில் அச்சானது. அதுவரை ஏறத்தாழ 125 ஆண்டுகள் ஓலையிலும் கையெழுத்துப் படியிலும் வாழ்ந்தது. படியெடுப்பது எளிய வேலை அன்று. படிப்பவருக்கு வேண்டாத நூலை எவரும் மெனக்கெட்டுப் படியெடுக்கமாட்டார்.

வீரமாமுனிவரும் கண்டன நூல்கள் எழுதாதவர் அல்லர். தரங்கம்பாடி லூத்தரன்களை மறுத்து 1728இல் ‘வேதவிளக்கம்’ எழுதினார். கூர்மையான உரைநடைதான். ஆயினும் இன்று தமிழ் மாணவர் அவரைத் ‘தேம்பாவணி’க்காகவும் ‘சதுரகராதி’க்காகவும் நினைக்கிறாரே தவிர, லூத்தரன் மறுப்புக்காக நினைப்பதில்லை. ஒரே ஆசிரியர், ஒரே மொழித்திறன். ஒன்று வாசகரை விருந்துக்கு அழைத்தது. மற்றொன்று எதிராளியை வழக்குக்கு அழைத்தது. வழக்கு முடிந்தபின் அதன் தாள்களைப் படிப்போர் குறைவு.

யாழ்ப்பாணம்: வாசகர் பதில் எழுதுகிறார்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1818இல் சென்னையில் கைப்பிரதிச் சங்கம் தோன்றியது. சில பக்கங்களில் ஒரே கருத்தைச் சொல்லும் மலிவான சிறுபிரசுரமே கைப்பிரதி. சந்தை, திருவிழா, சத்திரம் என்று மக்கள் கூடும் இடங்களில் அது பரவியது. போதகர் போக முடியாத வீட்டுக்குள் தாள் போகும் என்பதே அதன் பின்னிருந்த நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1834 முதல் மானிப்பாயில் அச்சகம் நடத்தியது. 1841இல் ‘உதயதாரகை’ இதழ் தொடங்கியது.

தாள் வீட்டுக்குள் போனது உண்மை. ஆனால் அங்கே இருந்தவர் அதைப் படித்துவிட்டு வாளா இருக்கவில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராக இருந்து, பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளில் வண்ணார்பண்ணையில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1849இல் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். சைவக் கிரியைகளைப் பழிக்கும் மிஷனரிமாருக்கு, அவர்களுடைய விவிலியத்திலேயே உள்ள ஆலய வழிபாட்டையும் பலி முறைகளையும் எடுத்துக்காட்டிப் பதில் சொன்ன நூல் அது. விவிலியத்தை இவ்வளவு நுணுகிக் கற்ற வாசகர் மிஷனரிமாருக்கு அரிதாகவே கிடைத்திருப்பார். அந்த வாசகரே அவர்களுடைய மிகப்பெரிய எதிர்வாதியானார்.

நாவலர் பிரசங்கம், சிறுநூல், பாலபாடம், வினாவிடை ஆகிய வடிவங்களைக் கையாண்டார். இவையனைத்தும் மிஷனரிமாரிடமிருந்து வந்தவை என்று சிலர் எழுதுகின்றனர். வினாவிடை வடிவைப் பொறுத்தவரை இது சரியன்று. சைவ சாத்திரங்களுள் ஒன்றான ‘உண்மை விளக்கம்’ மாணவர் வினவ ஆசிரியர் விடைகூறும் வடிவிலேயே அமைந்தது. வடிவம் பழையது, அதை அச்சிட்டு மலிவாகப் பரப்பும் முறையே புதியது. 1887இல் சென்னையில் ‘இந்து டிராக்ட் சொசைட்டி’ தோன்றியபோது கைப்பிரதிச் சங்கம் என்ற பெயரும் எதிரணிக்குப் போய்விட்டது.

கண்டனக் கைப்பிரதி தோற்றது என்று சொல்வது எளிது. அதைவிடச் சரியான கூற்று ஒன்று உண்டு. அது எதிர்பாராத ஒன்றில் வென்றது. தமிழ்ச் சமூகத்தைப் பதில் எழுதவும், தன் நூல்களைத் தேடிப் பதிப்பிக்கவும் தூண்டியது. ஆனால் நம்பிக்கையைப் பகிர்தல் என்ற சொந்த நோக்கில் அது ஈட்டியதைவிட, எதிர்ப்பை ஒருங்கிணைத்ததே மிகுதி.

கடவுளுக்கு எத்தனை பெயர்?

வாசகரை யாராகக் கருதினர் என்பதை அறிய, கடவுளைக் குறிக்கக் கையாண்ட சொற்களைப் பார்த்தாலே போதும். அண்டிரிக் அடிகளார் ‘தம்பிரான்’ என்றார். சீகன்பால்க் ‘சருவேசுரன்’ என்றார். 1772இல் புதிய ஏற்பாட்டையும், தம் மறைவுக்குப்பின் 1796இல் நிறைவுற்ற பழைய ஏற்பாட்டையும் தந்த பப்ரீசியுஸ் ‘பராபரன்’ என்ற சொல்லை ஆண்டார். பவர் தலைமையில் 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்கிறது. ஒவ்வொரு மாற்றமும் மொழி பற்றிய முடிவு மட்டுமன்று. பக்கத்துத் தெருவில் வழங்கும் சொல்லைக் கடன்வாங்கலாமா, அப்படி வாங்கினால் அதன் பழைய பொருளும் கூடவே வருமே என்ற தயக்கம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

மொழியை மாற்றும்போது உள்ளிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. பாளையங்கோட்டை ரேனியஸ், விவிலியம் தமிழின் இயல்பான நடையில் ஓட வேண்டும் என்று கருதிப் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தினார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் அதைக் கடுமையாக எதிர்த்தார். மிஷனரிமாரின் புதிய போக்குகளை அவர் ‘கொடுமை’ என்றே எழுதினார். இங்கே வாசகர் எவ்வளவு சொந்தம் கொண்டாடினார் என்பதைப் பாருங்கள். அச்சில் வந்த வேதம் இப்போது மிஷனரியின் உடைமை அன்று. அதைக் கேட்டும் பாடியும் வளர்ந்த சபையின் உடைமை. நூலொன்று இதைவிட ஆழமாகச் சென்றுசேர முடியாது. அதே வேளையில், சாஸ்திரியார் கொடுமை என்று எண்ணியவற்றுள் சபையில் சாதிப் பிரிவினையை ஒழிக்கும் முயற்சியும் ஒன்று என்பதை மறைக்கக்கூடாது. சொந்தமான மொழியைக் காப்பவர் சொந்தமான அநீதியையும் சேர்த்தே காக்கலாம். வாசகரை மதிப்பது என்பது அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அன்று.

இரட்சணிய யாத்திரிகம்: வென்றதும் இழந்ததும்

ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சாயர்புரத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர் 1858இல் கிறித்தவரானார். ஜான் பனியனின் ‘மோட்சப் பயணம்’ அதற்கு முன்பே தமிழ் உரைநடையில் வந்திருந்தது. கிருஷ்ணபிள்ளை அக்கதையைக் கம்பன் வழியில் காவியமாக்கினார். ‘நற்போதகம்’ இதழில் தொடராக வந்து, 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலானது.

இந்நூல் கண்டனக் கைப்பிரதிக்கு நேர்மாறானது. வாசகர் கம்பனையும் ஆழ்வார்களையும் அறிந்தவர் என்பதை அது குற்றமாகக் கருதவில்லை, மூலதனமாகக் கொண்டது. பிறந்த மரபில் கற்ற பக்தியின் உருக்கத்தை ஆசிரியர் கழற்றி வைக்கவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்வதற்கு அதையே பயன்படுத்தினார்.

எனினும் விலை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. நெல்லைச் சபைகளில் திரளாக இருந்தவர்கள் பள்ளிப்படிப்பு புதிதாக எட்டிய உழைக்கும் மக்கள். காவியச் செய்யுள் அவர்களுக்கு எட்டாதது. காவியம் எட்டியிருக்க வேண்டிய புலவர்களோ கிறித்தவக் காவியத்தைத் தேடிவந்து படிப்பது குறைவு. இன்று அது பெரும்பாலும் பாடத்திட்டத்தின் வழியே அறியப்படுகிறது. ஆனால் அதன் இடையிடையே வரும் தேவாரப் பாடல்களின் கதை வேறு. அவற்றுள் சில கீர்த்தனைப் புத்தகங்களில் ஏறி, காவியத்தின் பெயரே அறியாதவர்களாலும் ஞாயிறுதோறும் பாடப்படுகின்றன. அச்சில் தங்கிவிட்ட காவியத்தை வாய்வழி வாழ்வு மீட்டெடுத்தது. படிப்பவரைவிடக் கேட்பவர் மிகுந்த சமூகத்தில், ஒரு நூலின் உண்மையான நீளம் அதன் பக்கங்கள் அல்ல. வாயில் நிற்கும் பகுதியே.

இன்றைய கைப்பிரதி

இவ்வரலாற்றை வைத்துக்கொண்டு இன்று பேருந்து நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் தரப்படும் கைப்பிரதியைப் படித்துப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. மரணத்தைப் பற்றி ஒரு கேள்வி, நான்கைந்து வசனங்கள், கண்ணீர்க் கதை, முடிவில் ஒரு செபம், அடியில் முகவரி. தருபவரின் அக்கறையை ஐயுற வேண்டியதில்லை. வெயிலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களிடமும் பொறுமையாக நீட்டுபவர் அவர். குறை தாளில் இருக்கிறது.

ஒரு சான்று. ‘நீங்கள் மறுபடியும் பிறக்க வேண்டும்’ என்பது கைப்பிரதிகளின் மையக் கருத்து. கிறித்தவருக்கு அது உள்ளம் புதிதாதலைக் குறிக்கும். ஆனால் பிறவிக் கடலைக் கடக்க வேண்டும், இனியொரு பிறவி வேண்டாம் என்று வேண்டிப் பழகிய ஒருவரின் காதில் அது எப்படி விழும்? அவர் எதிலிருந்து விடுபட விரும்புகிறாரோ அதையே இவர் வரமாகத் தருவதுபோல் தோன்றும். ‘பாவம்’ என்ற சொல்லும் அப்படியே. ‘ஐயோ பாவம்’ என்று இரக்கத்துக்கும் வழங்கும் சொல் அது. வினைப்பயன் என்ற கருத்தோடும் பிணைந்தது. இச்சொற்களை விளக்காமல் அடுக்கும் கைப்பிரதி, பொதுமக்களுக்கு என்று சொல்லிக்கொண்டே சபையாருக்கு எழுதப்படுகிறது. உள்ளே இருப்பவர் படித்து ‘ஆமென்’ சொல்கிறார். வெளியே இருப்பவர் மடித்துப் பையில் வைக்கிறார், அல்லது கீழே விடுகிறார்.

அண்டிரிக் அடிகளார் சபையாருக்கு எழுதினார். சபையாருக்கு எழுதுகிறோம் என்று அறிந்தே எழுதினார். இன்றைய கைப்பிரதி அந்த வேறுபாட்டையே மறந்துவிட்டது.

முடிவுரை

நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்த நூல் வரிசையை மதிப்பிட விரும்பும் மாணவர், அச்சான ஆண்டையும் படிகளின் எண்ணிக்கையையும் குறிப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு நூலிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது யாரை நோக்கிப் பேசுகிறது? அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை அறிந்து பேசுகிறதா? அவர் பதில் சொன்னால் கேட்க இடம் வைத்திருக்கிறதா?

மூன்றாவது கேள்வியே கடினமானது. தம்பிரான் வணக்கம் முதல் இரட்சணிய யாத்திரிகம் வரை முதலிரண்டிலும் தேறிய நூல்கள் உண்டு. மூன்றாவதற்கு நல்ல விடையாக அமைந்திருக்கக்கூடியது அந்த 99 கடிதங்களின் தொகுப்பே. கேள்வி கேட்டுப் பதிலையும் அச்சிட்ட ஒரே முயற்சி இங்கே பேசப்பட்டவற்றுள் அதுதான். அது தமிழில், தரங்கம்பாடி அச்சகத்திலேயே வெளிவந்திருந்தால், தமிழ்க் கிறித்தவ அச்சு வரலாறு கண்டனமும் மறுப்புமாக நகராமல் உரையாடலாகத் தொடங்கியிருக்கலாம். அச்செழுத்து இருந்தது, தாளும் இருந்தது, தமிழரின் பதிலும் கையில் இருந்தது. அப்பதிலைத் தமிழர் படிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே இல்லாமற்போனது.